நாளை வா

பெங்களூர்த் தண்டின் வடகிழக்கு விளிம்பில், காக்ஸ் டவுனும் குக் டவுனும் ஓய்ந்து ஹெண்ணூர்ச் சாலையின் ஆரவாரம் தொடங்கும் லிங்கராஜபுரத்தில், கட்டி முடியாத வீடொன்றின் முன் சற்றே நின்று மேலே பார்ப்பவர், உருண்ட விழிகளும் முறுக்கிய மீசையும் வெளியே தொங்கும் செந்நாவும் உடைய ஒரு ராக்ஷஸ முகம் சாரத்தின் நடுவிலிருந்து தம்மை முறைத்துக்கொண்டிருக்கக் காண்பர். திருஷ்டி பொம்மை என்று அதற்குப் பெயர். பூதத்தை விரட்டுவதற்குப் பூதத்தின் முகத்தையே வாசலில் மாட்டிவைப்பது நம் தேசத்துப் பழைய யுக்தி. கோயில் தோரணத்தின் உச்சியில் சிற்பி செதுக்கிய கீர்த்திமுகமும், வெண்பூசணியின் மேல் கொத்தனார் தீட்டிய கோர முகமும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. வீட்டுக்குள் வரக்கூடாத ஒன்றை வாசலோடு நிறுத்திவைக்க எத்தனையோ உபாயங்களை மனிதன் கண்டிருக்கிறான். அவற்றுள் மிகவும் சுருக்கமானதும், எனக்கு மிகவும் பிரியமானதும், இதே ஊரில் இரண்டே சொற்களில் எழுதப்பட்டது.

1990களில் பெங்களூரில் பரவிய ஒரு வதந்தியின்படி, இருட்டியபின் ஸ்திரீ ரூபத்தில் ஒரு பிசாசு தெருத் தெருவாக வந்து கதவைத் தட்டும்; தட்டுவதோடு நில்லாமல், உள்ளே இருப்பவனுக்கு மிகவும் பழகிய ஒருத்தியின் குரலில், தாயின் குரலிலோ மனைவியின் குரலிலோ, பெயர் சொல்லி அழைக்கும்; குரலை நம்பிக் கதவைத் திறந்தவன் பிழைப்பதில்லை. இதற்கு மந்திரவாதியையோ தாயத்தையோ தேடிப் போகாமல், ஜனங்கள் ஒரு சாக்கட்டியை எடுத்துத் தங்கள் கதவில் ‘நாளே பா’ என்று கன்னடத்தில் எழுதிவைத்தார்கள். நாளை வா என்பது பொருள். பிசாசு வந்து, எழுத்தைப் படித்து, நியாயந்தான் என்று திரும்பிவிடும். மறுநாள் வந்தாலும் அதே எழுத்து. அதற்கு மறுநாளும் அதே எழுத்து. பெட்டிக்கடைகளில் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்று தொங்கும் பலகையின் தர்க்க சாஸ்திரம் முழுவதும் இதில் அடங்கியிருப்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடன் கேட்பவனை அவமதிக்காமலும் கடன் கொடுக்காமலும் அனுப்பிவைக்கும் அந்த நாகரிகமான தந்திரம் பிசாசின் விஷயத்திலும் பலித்தது என்பதுதான் விசேஷம். எழுத்தறிவும், வாக்கை மதிக்கும் பண்பும் உடைய பிசாசு அது. மனிதரிலேயே அவ்விரண்டும் ஒருங்கே அமைவது துர்லபம்.

இந்த வட்டாரத்து ஜன சமூகத்தின் சரித்திரத்தை அறிந்தவருக்கு அந்த எழுத்து இன்னொரு விதத்திலும் சுவை தரும். 1809இல் ஆங்கிலேயர் தங்கள் சேனையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றியபோது, சேனைக்கு வேண்டிய தானியமும் துணியும் கட்டட வேலையும் வீட்டு ஊழியமும் வழங்குவதற்காகத் தமிழ்ச் சீமையிலிருந்து வணிகரும் கண்டிராக்டர்களும் கைவினைஞரும் கூலிகளுமாகப் பலர் வந்து குடியேறினர். 1881இல் மைசூர் ராஜ்யம் உடையார் வம்சத்தாரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட பின்பும் அச்சேனை தங்கிய தண்டு மட்டும் ‘ஸிவில் அண்டு மிலிடரி ஸ்டேஷன்’ என்ற பெயரோடு 1947 வரையில் ஆங்கிலேயர் நிர்வாகத்திலேயே இருந்தமையால், பழைய பேட்டையிலும் புதிய தண்டிலும் இருவேறு உலகங்கள் வளர்ந்தன. தண்டின் அந்த உலகம் நாளடைவில் தன் எல்லையைத் தாண்டிப் பெருகிய இடங்களுள் லிங்கராஜபுரமும் ஒன்று. வீட்டுக்குள் தமிழ், சந்தையில் தக்கணி உருது, பஸ்ஸில் கன்னடம், மாதா கோயிலில் தமிழும் ஆங்கிலமும் என்று ஒரே நாவில் நான்கு பாஷைகள் குடியிருக்கும் இப்பகுதியில், பிசாசுக்கு எழுதும் கடிதம் மட்டும் ஏன் கன்னடத்தில் இருக்க வேண்டும் என்று எவரும் விவாதம் செய்யவில்லை. மண்ணுக்குரிய பிசாசுக்கு மண்ணுக்குரிய பாஷை, அவ்வளவுதான்.

கதவில் எழுதுவது ஆபத்துக் காலத்தின் வழக்கம் என்பதற்கு இன்னும் பழைய சாக்ஷியங்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது, குடியிருக்கத் தகாத வீடுகளின் மேல் அதிகாரிகள் மூன்று ஆங்கில எழுத்துக்களைத் தீட்டிச் சென்றார்கள். 1898இல் அந்நோய் பெங்களூரை அடைந்தது. நெரிசலான வீதிகளிலிருந்து ஜனங்களை வெளியேற்றி, காற்றும் வெளிச்சமும் உள்ள புதிய பேட்டைகளை அமைக்கும் எண்ணம் அதன்பின் வலுத்தது. பிரேசர் டவுன் அவ்வாறு பிறந்ததுதான். சர்க்கார் தெருக்களை அகலமாக்கிக்கொண்டிருந்த அதே சமயத்தில், ஜனங்கள் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள். வைசூரி கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவது அதற்கும் முந்திய வழக்கம். அழைக்காமல் வரும் விருந்தாளியைப் பகைத்துக்கொள்ளாமல், ‘இப்போது சௌகரியப்படாது’ என்று வணங்கிச் சொல்லும் மனோபாவம் இவை எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கிறது.

இனி, இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி. 2025ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் தேதி, அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்து ஆர்லாண்டோ நகரில், யூனிவர்ஸல் கம்பெனியார் ‘எபிக் யூனிவர்ஸ்’ என்ற கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார்கள். அதிலுள்ள ஐந்து உலகங்களில் ஒன்று பூதங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ‘டார்க் யூனிவர்ஸ்’ என்ற அந்தப் பகுதியில் டார்க்மூர் என்ற கற்பனைக் கிராமம் நிர்மாணிக்கப்பட்டிருக்கிறது. பிராங்கன்ஸ்டைனின் சந்ததியில் வந்த ஒருத்தி தன் மாளிகையில் பழைய பரிசோதனையைத் தொடர்வதாகக் கதை. அங்குள்ள மதுக்கடை ஒன்றின் மேல் நிற்கும் காற்றாலையின் இறக்கைகள் அவ்வப்போது தீப்பற்றி எரியும். பூங்கா வரப்போவதாக அறிவித்தது 2019 ஆகஸ்டில். நடுவில் கொள்ளைநோய் வந்து 2020இல் வேலை நின்றது. 2021இல் மறுபடி தொடங்கிற்று. ஏறக்குறைய ஆறு வருஷ காலம், அப்பூதங்களின் ரசிகர்கள் எழும்பிய சுவர்களையும் தீட்டிய வரைபடங்களையும் பார்த்துப் பார்த்து ஏங்கியிருந்தார்கள். பெங்களூரில் பிசாசு வந்து கதவைத் தட்ட, உள்ளே இருந்தவர்கள் நாளை வா என்றார்கள். ஆர்லாண்டோவில் ஜனங்கள் போய்க் கதவைத் தட்ட, உள்ளே இருந்த பூதங்கள் நாளை வா என்றன.

அவை எந்தப் பூதங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1931இல் டாட் பிரௌனிங் எடுத்த ‘டிராகுலா’வும், அதே வருஷத்தின் இறுதியில் ஜேம்ஸ் வேல் எடுத்த ‘பிராங்கன்ஸ்டை’னும் யூனிவர்ஸல் கம்பெனிக்குப் பேரும் பொருளும் ஈட்டித் தந்தன. பின்னர் மம்மி, கண்ணுக்குப் புலப்படாத மனிதன், 1941இல் ஓநாய் மனிதன், 1954இல் கரும் நீர்நிலையின் ஜந்து என்று வம்ச விருத்தி ஏற்பட்டது. 1957இல் அப்படங்களுள் பழையவை அமெரிக்க டெலிவிஷனுக்கு வந்தபோது, தாத்தாக்கள் அஞ்சிய பூதங்களைப் பேரப்பிள்ளைகள் நள்ளிரவில் விழித்திருந்து சிநேகம் பிடித்தார்கள். 2017இல் கம்பெனியார் அவற்றை மறுபடி வெண்திரையில் எழுப்ப எண்ணி, ‘டார்க் யூனிவர்ஸ்’ என்று தொடர் வரிசைக்குப் பெயரும் சூட்டினார்கள்; முதற்படமான ‘மம்மி’யோடு அந்த முயற்சி முடங்கிப்போனது. படத்துக்கு வைத்த பெயர் பூங்காவுக்கு உதவிற்று. சோற்றுக்கு வடித்த கஞ்சி இட்லி மாவுக்கு ஆயிற்று என்று நம் வீட்டுப் பெரியவர்கள் இதைக் கண்டால் சிக்கனத்தை மெச்சியிருப்பார்கள். பார்க்கப்போனால், வேடிக்கை காட்டிக் காசு வாங்குவது அக்கம்பெனியின் ஜன்ம சம்பிரதாயம். 1915 மார்ச் 15ஆம் தேதி ‘யூனிவர்ஸல் ஸிடி’யைத் திறந்த கார்ல் லெம்லி, 25 சென்ட் வாங்கிக்கொண்டு படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் பொதுஜனங்களை உள்ளே விட்டார். பேசும் படம் வந்து, கூட்டத்தின் இரைச்சல் ஒலிப்பதிவைக் கெடுக்கவே, கதவு மூடப்பட்டது. 1964இல்தான் அது மறுபடி திறந்தது.

‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தின் தொடக்கம் நம்மவர்க்கு மிகவும் பரிச்சயமானதாகத் தோன்றும். கதை ஆரம்பிக்குமுன், எட்வர்ட் வான் ஸ்லோன் என்ற நடிகர் ஒரு திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து நின்று, இனி வரப்போவது பயங்கரமானது, நெஞ்சுறுதி இல்லாதவர் ஜாக்கிரதை என்று எச்சரிக்கிறார். நடிகர் பட்டியலில் பூதத்துக்கு நேராகப் பெயர் இல்லை, ஒரு கேள்விக்குறி மாத்திரம் இருக்கிறது. தெருக்கூத்தை ஒருமுறையேனும் கண்விழித்துப் பார்த்தவர் இந்த மனிதரை உடனே அடையாளம் கண்டுகொள்வர்: இவர் கட்டியக்காரன். இருவர் இருபுறமும் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து சலங்கை ஒலியும் குரலும் மட்டும் கேட்க, மெல்ல மெல்லக் கிரீடத்தின் நுனி தெரிய, கூட்டத்தின் பொறுமை அறுந்துபோகும் தறுவாயில் வேஷக்காரர் பிரவேசிப்பது நம் கூத்தின் பிராணன். கன்னட நாட்டு யக்ஷகானத்தில் ராக்ஷஸ வேஷத்துக்கு ‘பண்ணத வேஷ’ என்று பெயர். அரிசிமாவையும் சுண்ணாம்பையும் குழைத்து முள்முள்ளாக முகமெங்கும் பதித்து, அது உலர உலர மேலும் பதித்து, மணிக்கணக்கில் அந்த முகத்தைச் சிருஷ்டிப்பார்கள். அப்படிச் சிருஷ்டித்த முகத்தையும் உடனே காட்டிவிடாமல், திரைக்கு மேல் கொஞ்சம் காட்டி, மறைத்து, முதுகைக் காட்டி, மறுபடி மறைத்து, வெகுநேரம் விளையாடிய பின்பே முழு உருவத்தையும் வெளிப்படுத்துவார்கள். போரிஸ் கார்லாஃபுக்குப் பிராங்கன்ஸ்டைன் பூதத்தின் முகத்தை அமைக்க ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக் கலைஞர் தினந்தோறும் சுமார் நான்கு மணி நேரம் செலவிட்டார் என்று படிக்கும்போது, அவர் கைக்கும் தென் கன்னடத்து வேஷக்காரர் கைக்கும் ஏதோ தூரத்து உறவு இருப்பதாக எனக்குப் படுகிறது. பூதம் என்பது முகம் அல்ல, முகம் தெரிவதற்கு முந்திய நேரம் என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள்.

தமிழர்க்கோ பேய் என்பது பழைய குடும்ப நண்பர். காரைக்காலம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றவர். ஜயங்கொண்டாருடைய கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்தில் அடுப்பு மூட்டிக் கூழ் சமைத்துப் பந்தி பரிமாறுகின்றன. பயத்தோடு நகைச்சுவையைக் கலந்து பரிமாறுவது நம் பாகம். சினிமா வந்தபோதும் அந்த ருசி மாறவில்லை.

தண்டுவாசிகளுக்குச் சினிமா வெகு சீக்கிரம் கிட்டியது. சிவாஜி நகரில் நாடக, நடன மண்டபமாகத் தொடங்கிப் பிறகு ஊமைப் படங்களுக்கும் பேசும் படங்களுக்கும் இடங்கொடுத்த எல்ஜின், பிரேசர் டவுனில் எவரெஸ்ட், அன்று ஸௌத் பரேட் என்று வழங்கிய வீதியில் 1936இல் எழுந்து ஆங்கிலப் படங்களுக்குப் புகழ்பெற்ற பிளாசா என்று கொட்டகைகள் வரிசையாக ஏற்பட்டன. பிளாசா நின்ற இடத்தில் இன்று மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டு இருக்கிறது. அங்கே இப்போதும் ஜனங்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்குகிறார்கள் என்றாலும், உள்ளே போனால் பையப்பனஹள்ளி ரயில்தான் வரும்.

மேல்நாட்டுப் பூதங்களுக்கு ஈடாக நம் தேசத்துப் பூதங்களைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் இரு சாராரைச் சொல்ல வேண்டும். நாகிரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய விஜயா நிறுவனம் 1951இல் ‘பாதாள பைரவி’யையும் 1957இல் ‘மாயா பஜா’ரையும் தந்தது. முன்னதில் மந்திரவாதியாகவும் பின்னதில் கடோத்கஜனாகவும் வந்த எஸ். வி. ரங்காராவின் ஆகிருதிக்கு முன், மாவு பூசிய முகமெல்லாம் அவசியமற்றுப்போயிற்று. கல்யாண விருந்தின் லட்டுக்கள் தாமே எழும்பிப் பறந்து அவர் வாயில் புகும் காட்சியை ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி அமைத்த விதம் இன்றும் பிரமிக்கத் தக்கது. இதே நாகிரெட்டியும் சக்கரபாணியும்தான் 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவையும் நடத்தினார்கள். பிணத்தைத் தோளில் சுமந்து உருவிய வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த அந்தச் சித்திரம் நினைவில் இல்லாத ஐம்பது வயதுக்காரர் நம்மில் அரியர். வேதாளம் கதை சொல்லும், கேள்வி கேட்கும், ராஜா வாய்திறந்து பதில் சொல்வான், வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். மாதந்தோறும் தோல்வி, மாதந்தோறும் அதே முயற்சி. வேதாளமும் நாளை வா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது, ராஜாவும் நாமும் சலிக்காமல் போய்க்கொண்டிருந்தோம்.

இரண்டாமவர் பி. விட்டலாச்சார்யா. 1920இல் உடுப்பிப் பக்கத்து உத்யாவரத்தில், அதாவது யக்ஷகான ராக்ஷஸர்கள் நடமாடும் மண்ணிலேயே பிறந்த அவர், இளமையில் அரசிக்கெரெயில் ஹோட்டல் நடத்தி, பிறகு நண்பர்களோடு டூரிங் டாக்கீஸ் வைத்து, டி. சங்கர் சிங்கோடு மகாத்மா பிக்சர்ஸில் சேர்ந்து கன்னடப் படங்கள் எடுத்து, அதன்பின் சென்னைக்குச் சென்று மாயாஜாலப் படங்களுக்குத் தம் பெயரையே மறுபெயராக்கிவிட்டவர். டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் எந்தக் கணத்தில் அலறுவார்கள், எந்தக் கணத்தில் சிரிப்பார்கள் என்பதை அவர் டிக்கெட் கிழித்த நாட்களிலேயே கற்றிருக்க வேண்டும். 1978இல் வந்த அவருடைய ‘ஜகன்மோகினி’யில் ஒரு பேய், விறகுக்குப் பதில் தன் கால்களையே அடுப்பில் நீட்டிச் சமையல் செய்கிறது. ஜயங்கொண்டாருடைய பேய்களுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று எண்ணத் தோன்றுகிறது. பண்டிதர்கள் அவர் படங்களைச் சரித்திரத்தில் சேர்க்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் எனக்குச் சம்மதமில்லை. பரணி பாடிய கவியின் சமையலறைக்கு, எந்தப் பண்டிதரையும்விட, இந்த உடுப்பிக்காரரே அருகில் நின்றார்.

திரைப் பூதத்திலிருந்து கேளிக்கைப் பூங்காவுக்குப் போகும் பாதை ஹாலிவுட்டுக்கு மட்டும் உரியதன்று. 1984இல் கேரளத்து நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர் மகன் ஜிஜோ இயக்கிய ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். மந்திரவாதியிடம் சிறைப்பட்ட ஒரு குட்டிச்சாத்தான் குழந்தைகளோடு கூட்டுச் சேருவதே கதை. கண்ணாடி அணிந்து பார்க்க வேண்டிய அப்படத்துக்குக் கூட்டம் நெரியத் தொடங்கியபோது, ஒருவர் அணிந்த கண்ணாடியை மற்றொருவர் அணிவதால் ‘மெட்ராஸ் ஐ’ தொற்றும் என்று வதந்தி கிளம்பிற்று. உடனே தயாரிப்பாளர்கள், கண்ணாடிகள் ஒவ்வொரு காட்சிக்குப் பின்பும் சுத்தப்படுத்தப்படுகின்றன என்று பிரபல நடிகர்களைக் கொண்டு பேச வைத்துப் படத்தின் முன்னால் சேர்த்தார்கள். மலையாளத்தில் பிரேம் நசீரும் தமிழில் ரஜினிகாந்தும் அதைச் சொன்னார்கள். ஸ்லோன் திரையை விலக்கிப் பூதத்தைக் குறித்து எச்சரித்தார். நம் நடிகர்கள் கண்வலியைக் குறித்து அபயம் தந்தார்கள். கட்டியக்காரனின் உத்தியோகம் காலத்துக்கேற்ப மாறுகிறது. அதே அப்பச்சன் 1995இல் தாம்பரத்தருகே ‘கிஷ்கிந்தா’வைத் திறந்தார். குட்டிச்சாத்தானை வைத்துக் கூட்டம் சேர்த்தவர், பூங்காவுக்குப் பேய்களின் பெயரை விட்டு வானரர்களின் ராஜ்யத்தைத் தேர்ந்துகொண்டது யோசிக்கத் தக்கது. குடும்பத்தோடு வருபவர் பேயூருக்குச் செல்வதாகச் சொல்லிக்கொண்டு புறப்படமாட்டார்கள் என்று அவர் கணித்திருக்கலாம்.

நம் ஊர்களில் பேய்க்கென்று நிலையான மனை இருந்ததில்லை. அது எப்போதும் நாடோடி. கோடை விடுமுறைப் பொருட்காட்சியில், டெல்லி அப்பளக் கடைக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவில், கித்தானாலும் தகரத்தாலும் ஆன ஒரு பேய் வீடு முளைக்கும். வாசலில் ஒலிபெருக்கி அலறும். உள்ளே இருட்டில் ஈரத் துணி ஒன்று கன்னத்தில் படும், ஓர் எலும்புக்கூடு கயிற்றில் இறங்கும், கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் காதோரம் கூச்சலிடுவார். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவோம். இரண்டு நிமிஷ விஷயத்துக்கு அரைமணி நேரம் வரிசையில் நின்றோமே என்று எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. உள்ளிருந்து வரும் அலறலைக் கேட்டு, வெளியே வருபவர் முகத்தைப் பார்த்து, ‘ஒன்றுமில்லை, சும்மாதான்’ என்று அவர்கள் சொல்லும் பொய்யையும் கேட்டு நிற்கும் அந்த அரைமணிதான் டிக்கெட்டின் மதிப்பு. பெங்களூருக்குத் தென்மேற்கே பிடதியில் 2008இல் ஏற்பட்ட திரைப்பட நகரில் பேய் மாளிகைக்குச் சுவரும் கூரையும் வைத்து நிரந்தர வாசம் தந்தார்கள். எனக்கென்னவோ கித்தான் பேயிடம்தான் மரியாதை. அடுத்த வாரம் அது ஊரில் இராது.

‘நாளே பா’ பிசாசின் பிற்காலத்தையும் சொல்ல வேண்டும். பெங்களூர்க் கதவுகளில் எழுதிய அந்த வாசகம் ஹிந்தியில் உருமாறி, 2018இல் ‘ஸ்த்ரீ’ என்ற படத்தின் கருவாயிற்று. கதை சந்தேரிக்குப் பெயர்ந்தது. சுவர்களில் ‘பெண்ணே, நாளை வா’ என்று எழுதிவைத்தவர்கள் இப்போது மத்தியப் பிரதேசத்தார். 2024 ஆகஸ்டில் அதன் இரண்டாம் பாகம் வந்தபோது, தேசமெங்கும் ஜனங்கள் முன்கூட்டியே டிக்கெட் வாங்கிவைத்துக்கொண்டு, வெளியீட்டு நாளுக்கு எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணினார்கள். வருஷக்கணக்காக வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிய அதே பிசாசைப் பார்ப்பதற்காக, இப்போது பணம் கொடுத்து வாசலில் நிற்கிறார்கள்.

லிங்கராஜபுரத்தில் இன்று சாக்கட்டி எழுத்தைத் தேடினால் அகப்படாது. ஓட்டு வீடுகள் இருந்த மனைகளில் மாடி வீடுகளும் அடுக்குமாடிக் கட்டடங்களும் எழுந்துவிட்டன. கட்டும் வரையில் திருஷ்டி பொம்மை காவல், கட்டி முடிந்தபின் இரும்புக் கேட்டருகே நாற்காலி போட்டமர்ந்த காவலாளி. அவர் மடியில் நீண்ட நோட்டுப் புத்தகமும், நூலில் கட்டிய பேனாவும் இருக்கும். இருட்டியபின் எவர் வந்து எந்தக் குரலில் அழைத்தாலும், முதலில் அந்த நோட்டில் பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க வேண்டும், எந்த மாடி, டெலிபோன் எண், கையெழுத்து ஆகிய ஆறு கட்டங்களையும் நிரப்ப வேண்டும். எழுதுகிற வேலை இப்போது பிசாசினுடையது.